வாலிலிருந்து பிடி

புதுச்சேரி

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது, தெரிந்தவர்கள் கேட்டால் சொல்லு.

சரி, உன் பேத்தி உச்சரிக்க மல்லுக்கட்டும் அந்த 25 எழுத்துப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வருகிறேன். 'ஆந்திகோன்ஸ்தித்யூசியொநெல்மான்' (anticonstitutionnellement), அதாவது அரசியலமைப்புக்கு முரணாக. நீளத்தைக் காட்டி மிரட்டுவதற்கே பிழைத்திருக்கும் சொல் என்று நினைக்கிறேன். ஆனாலும் வாய்க்கு நல்ல பயிற்சி. வாலிலிருந்து பிடிக்கச் சொல்லு: மான், நெல்‑மான், சியொ‑நெல்‑மான், த்யூ‑சியொ‑நெல்‑மான்... பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழும். பின்னாலிருந்து கட்டினால் அது தானாகவே சரியாக அமையும்.

பேச்சில் எட்டு அசை, எழுத்தில் பிரித்தால் ஒன்பது. தமிழ் வாத்தியார் நீ, நேர் நிரை என்று கிளம்பிவிடாதே. அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். அந்த ஒன்பதாவது, நம் 'ஆக' போன்ற விகுதியான 'மான்' ஒட்டுவதற்கு முன் பெண்பால் பெயரடையின் கடைசியில் நிற்கும் 'எ'. பாரிஸ்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்கள். மெதுவாக என்பதற்கு அவர்களிடம் 'லாந்த்மான்', இரண்டு அசை. தெற்கே மார்செய், துலூஸ் பக்கம் 'லாந்தெமான்', மூன்று. நம் குற்றியலுகரத்துக்குப் பங்காளி என்றே சொல்வேன். மரபுச் செய்யுளில் சொல்லின் கடைசியில் இந்த 'எ' நின்று, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மறைந்துவிடும். மெய்யில் தொடங்கினால் அசையாக எண்ணுவார்கள். அதற்காக எல்லா இடத்திலும் விழுங்கக் கூடாது. 'எக்ஸாக்தெமான்', 'ஜ்யுஸ்தெமான்' போன்றவற்றில் விழுங்கினால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும். அங்கே 'எ' லேசாகவாவது கேட்க வேண்டும்.

பெரிய வம்பு, நான் இங்கே எழுதியிருக்கும் 'ன்'. 'மான்' என்பதில் நாக்கு மேலே தொடவே கூடாது, உயிரை மூக்கால் விட்டு நிறுத்த வேண்டும். தொடக்கத்து 'ஆந்', அடுத்த 'கோன்' இரண்டும் அப்படியே. ஆனால் 'சியொ‑நெல்' வரும்போது நாக்கு தொடும் அசல் 'ந' ஒலி. எழுத்தில் அங்கே இரட்டித்திருக்கும். நம் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அப்புறம் 'எவிதமான்', நிச்சயமாக என்று பொருள். 'எவ்விதமான' என்று காதில் விழும், சிரிக்காதே. அதன் நடுவில் எழுதுவது 'எ', சொல்வது 'அ'. 'சமீபத்தில்' என்னும் 'ரெசமான்' கூட அந்த ஜாதிதான்.

பேத்தி சொல்வதை போனில் பதிந்து அனுப்பச் சொல்லு, கேட்டுவிட்டு எழுதுகிறேன். பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்னதாகத் தெரிவி.

அன்புடன்,
சேகர்