சேலம் மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களே, தாளாளர்களே, வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே காபித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி உங்கள் கல்லூரிகளுக்குத்தான் படிக்க வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்து, ஒரு பல்கலைக்கழகத் தலைவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் இக்னாசியோ எல்லாகுரியா. இயேசு சபைத் துறவி, தத்துவப் பேராசிரியர். 1930இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்து, இளம் வயதிலேயே மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர் நாட்டுக்கு அனுப்பப்பட்டு, 1979 முதல் சாகும்வரை சான் சால்வடோரில் உள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். எல் சால்வடோரும் நம் சேர்வராயன் மலை போலக் காபி விளைகிற பூமிதான். நல்ல நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில் இருந்தது, பழம் பறிக்கிறவர்களுக்குக் கூலிதான். 1976இல் அரசு நிலச் சீர்திருத்தம் செய்யப்போவதாக அறிவித்துவிட்டு, முதலாளிகள் எதிர்த்ததும் பின்வாங்கியது. பல்கலைக்கழக இதழின் தலையங்கத்தில் எல்லாகுரியா அதைக் கடுமையாகக் கண்டித்தார். அரசு மானியத்தை நிறுத்தினார்கள், வளாகத்தில் குண்டு வைத்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

பாடம் நடத்துவதும் ஆராய்ச்சி செய்வதும் கடைசியில் அந்த நாட்டு ஏழைகளின் நிலைமையை மாற்றப் பயன்பட வேண்டும் என்பதுதான் அவருடைய பிடிவாதம். உடன் இருந்தவர்களும் அப்படித்தான். செகுந்தோ மோந்தெஸ் 1985இல் அங்கே மனித உரிமை நிலையம் தொடங்கினார், உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டு ஓடியவர்களைப் பற்றி ஆராய்ந்தார். உளவியல் பேராசிரியர் மார்ட்டின் பாரோ 1986இல் கருத்துக்கணிப்பு நிலையம் ஆரம்பித்தார், உள்நாட்டுப் போர் நடக்கிற நாட்டில் சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டு வெளியிட்டார்கள். எல்லாகுரியா ராணுவத்திடமும் கெரில்லாக்களிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: உட்கார்ந்து பேசுங்கள்.

1989 நவம்பர் 16 விடிவதற்குள் ராணுவத்தின் அட்லகாட்ல் படை வளாகத்துக்குள் புகுந்து அவரையும் ஐந்து துறவிகளையும் சுட்டுக் கொன்றது. பாதுகாப்பு என்று நம்பி அன்றிரவு அங்கே தங்கியிருந்த சமையல்கார அம்மா எல்பா ராமோஸையும் அவருடைய மகள் செலினாவையும்கூட விடவில்லை. பலர் இந்த இரண்டு பெயரையும் சொல்லாமல் போகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. சாட்சி யாரும் மிஞ்சக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்ததாக 1993இல் ஐ.நா. உண்மை ஆணையம் சொன்னது. 2020இல்தான் ஸ்பெயின் நீதிமன்றம் ஒரு முன்னாள் கர்னலுக்கு 133 ஆண்டு சிறை விதித்தது.

உயிரைக் கொடுங்கள் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. இந்த மாவட்டத்தைப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்தார் என்பதை எந்த மாணவரும் சொல்லிவிடுவார், ஆனால் இன்றைக்கு ஒரு பெண் பழம் பறித்தால் என்ன கூலி, மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை, மலையாளிப் பழங்குடி வீடுகளில் யாரிடம் நிலப் பட்டா இருக்கிறது, இதையெல்லாம் எந்தக் கல்லூரி விசாரித்து எழுதி மக்கள் முன் வைத்திருக்கிறது? செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் புகையோடு உட்கார்ந்திருப்பவரின் நுரையீரல், ஜவ்வரிசி ஆலையின் கழிவு நீர், வெள்ளைக்கல் சுரங்கத்தின் தூசி, விசைத்தறிக்காரர் வாங்கிய முன்பணம் என்று ஊரே பாடமாக இருக்கும்போது, இறுதியாண்டு ப்ராஜெக்ட் இணையத்தில் இருந்து இறங்கி ஸ்பைரல் பைண்டிங்கில் ஏறி அலமாரியில் தூங்குகிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது தூசி தட்டி எடுப்பீர்கள், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? பொருளியல், சமூகப்பணி, வேதியியல் துறைகள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பிரச்சினையை எடுக்கட்டும். மாணவர்கள் போய்க் கேட்கட்டும், பேராசிரியர்கள் சரிபார்க்கட்டும். கிடைத்ததைத் தமிழில், பத்தாவது படித்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதி, முதலில் அந்த ஊரின் கிராமசபையிலேயே வாசிக்க வேண்டும். அப்புறம் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுங்கள். நிர்வாகத்துக்குத் தெரிந்த முதலாளி சங்கடப்பட்டால் அறிக்கையை மடக்கி வைத்துவிடாதீர்கள், தலைமை என்று நான் சொல்வது அந்த இடத்தைத்தான்.

முதல் ஆண்டுக்குத் தோட்டக் கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொன்னவர்களின் பெயர் எங்கேயும் வரக் கூடாது, அவர்கள் மறுநாளும் அதே தோட்டத்தில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். நாகலூர், வாழவந்தி பக்கம் வருகிற மாணவர்களுக்கு வழி காட்டவும் பேச்சுக் கொடுக்கவும் மலையில் படித்த பிள்ளைகள் நாங்கள் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பி வையுங்கள், அன்றைக்குத்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.