நிழலைப் பிள்ளைகளே அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதியம் பன்னிரண்டு மணிக்கு நிழல் எங்கே விழும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், காலடியில் என்று பட்டென்று பதில் வரும். திருநெல்வேலியில் அப்படி விழுவது ஆண்டில் இரண்டு நாள்தான்: ஏப்ரல் 12, ஆகஸ்ட் 30 ஆகியவற்றை ஒட்டி. அதுவும் பன்னிரண்டு மணிக்கு இல்லை, 12.20க்கு. இதைப் பாடமாக நடத்தாமல் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி நேரான கம்பு ஒன்றை நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே அளவு ஒன்றே முக்கால் செ.மீ. தப்பும். சிமென்ட் முற்றம் வேண்டாம். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் பூசியிருப்பார்கள். வாரம் ஒரு நாள், 11.50 முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை நோட்டில் எழுத வேண்டும். நுனி மங்கலாகத்தான் தெரியும், மங்கலின் நடுவில் குறித்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள்.

ஜூன் 21 வாக்கில் நிழல் தெற்கே 26 செ.மீ. விழும். வாரா வாரம் குறைந்து, ஆகஸ்ட் கடைசியில் இல்லாமலே போய், பிறகு வடக்கே திரும்பி, டிசம்பர் 21இல் 63 செ.மீ. ஆகும். நிழல் குட்டையாகும் நேரமும் நகரும்: நவம்பர் தொடக்கத்தில் 12.03, பிப்ரவரி நடுவில் 12.33. நம் கடிகாரம் பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நெல்லை அதற்கு 4.8 பாகை மேற்கே இருப்பதால் 19 நிமிடம் பிந்துகிறது. மிச்ச வித்தியாசம் பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் வருகிறது. இந்த விளக்கம் பிள்ளைகள் கேட்ட பிறகுதான் வர வேண்டும். முதல் வாரமே சொல்லிவிட்டால் அடுத்த வாரம் கம்புப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

கெடுவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். மதிப்பெண் உண்டு என்றதும், மேகம் மூடிய நாளுக்கும் பிள்ளை ஓர் அளவை எழுதிவிடும். அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும்; ஐப்பசி, கார்த்திகையில் பல வாரம் அப்படித்தான் போகும். சார்ட் பேப்பர் வாங்கச் சொன்னால் அது அப்பா அம்மாவின் வேலையாகிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு என்றால் இன்னும் ஒரு படி போகலாம். ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் நிழல் இல்லாத நாள். அன்று இங்கே ஏழரை செ.மீ. இருக்கும். அப்போது சூரியன் நேர் உச்சியிலிருந்து விலகியிருக்கும் கோணம் சுமார் 4.35 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக 480 கி.மீ. 480ஐ 4.35ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால், பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். ரோட்டுத் தூரத்தைப் போட்டால் கணக்கு எகிறிவிடும். இரண்டு ஊருக்கும் இடையே சாய்வாகக் கோடு போட்டாலும் தப்பும். தூரத்தை மேப்பில் நேர் வடக்கு தெற்காக மட்டும் அளக்க வேண்டும்.

ஏப்ரலில் தேர்வு நெருக்கடி. ஆகஸ்ட் 30 வசதியான நாள். விடுமுறையாக இருந்தால் முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் பார்க்கலாம், நிழல் ஒரு செ.மீ.க்குள்தான் இருக்கும். மாவட்டக் கல்வித் துறை அன்று உயர்நிலைப் பள்ளிகளில் நண்பகல் ஒரு மணி நேரத்தை மட்டும் இதற்கு ஒதுக்கித் தர வேண்டும்.

அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை