மதரஸா பெற்றோர் கவனத்துக்கு: ஞாயிறு உச்சரிப்பு வகுப்பு

அஸ்ஸலாமு அலைக்கும்.

வரும் ஞாயிறு அஸர் தொழுகை முடிந்ததும், மாலை 5 மணிக்கு, கீழக்கரை நம் மதரஸாவில் அரபி எழுத்து உச்சரிப்பு வகுப்பு. பிள்ளைகளோடு வாப்பாவோ உம்மாவோ ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

ஏன் என்றால், தமிழில் ஒரே ‘க’தான். அரபியில் இரண்டு. நாக்கின் அடி உள்நாக்குப் பக்கம் தொட்டால் ‘கல்பு’ இதயம். சற்று முன்னால் தொட்டால் அதுவே நாய். குர்ஆனில் இக்லாஸ், ஃபலக், நாஸ் சூராக்களின் (அத்தியாயங்களின்) முதல் சொல் ‘குல்’, சொல்வீராக என்று பொருள். எழுத்து மாறினால் ‘சாப்பிடு’ என்றாகிவிடும். ‘அலீம்’ தொண்டை நடுவிலிருந்து ஐன் எழுத்தாக வந்தால் நன்கறிந்தவன். ஹம்ஸா எழுத்தாக வந்தால் வேதனை தருவது. தொழுகையில் தினமும் ஓதுகிறோம், இதில் அசட்டை கூடாது.

1. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூரா புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பிழை அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.
2. அதுவரை தினமும் இக்லாஸ் சூராவை ஓதச் சொல்லிக் கேளுங்கள்.
3. பிழை வந்தால் திட்ட வேண்டாம், குறித்து வாருங்கள். உஸ்தாத் திருத்துவார்.
4. கையில் முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி), அப்புறம் ஒரு பென்சில்.

வருகிறவர்கள் பிள்ளையின் பெயர், வகுப்போடு வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வர இயலாதவர்களும் சொல்லிவிடுங்கள். வேறு நாள் பார்ப்போம்.