நீக்க ஆணை இல்லாமலே வேலை இழப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒருவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது. வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையும் தடுக்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால், நாமக்கல்லில் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன் என்ற முறையில், அது எங்கள் தொழிலுக்குள் ஏன் நுழைய முடிவதில்லை என்று சொல்ல விரும்புகிறேன்.

லாரித் தொழிலில் யாரையும் யாரும் நீக்குவதில்லை. நியமன ஆணை இருந்தால்தானே நீக்க ஆணை வரும்? டிரிப் கணக்கில் கூலியும் படியும் வாங்கும் ஓட்டுநரைப் பற்றி ஸ்டாண்டில் பேச்சு கிளம்பிவிட்டால், “இந்த லோடுக்கு ஆள் போட்டாச்சு, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார் உரிமையாளர். அந்த அடுத்த வாரம் வரவே வராது. எனக்குத் தெரிந்த, தொற்றுள்ள ஓட்டுநர் ஒருவர், கிளீனருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, எச்.ஐ.வி. மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். வடமாநிலத்தில் திரும்பு லோடு கிடைக்காமல் வண்டி நின்றபோது மருந்து தீர்ந்தது. அதைச் சொல்லி ஊர் திரும்ப அவருக்குத் துணிவில்லை. விட்டுவிட்டுச் சாப்பிட்டதில் உடல் தளர்ந்து, கடைசியில் காசநோயோடு வந்து சேர்ந்தார். அவரை வீழ்த்தியதில் கிருமிக்கு இருந்த பங்கு, அவர் ஒளித்து வைக்க நேர்ந்ததற்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

1997இல் மும்பை உயர் நீதிமன்றம், தொற்றைக் காரணமாக்கி வேலை மறுக்கப்பட்ட தற்காலிகத் தொழிலாளி ஒருவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. வேலை செய்யத் தகுதியுள்ளவரைத் தொற்றை மட்டும் காட்டி விலக்க முடியாது என்றது. அவர் வேலை செய்தது பொதுத்துறை நிறுவனத்தில் என்பதால் காட்டுவதற்குக் காகிதம் இருந்தது. இன்றைய சட்டமும் குறைகேட்கும் அலுவலரை 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களிடம்தான் பொதுவாக எதிர்பார்க்கிறது; மருத்துவ நிலையங்களுக்கு மட்டும் அந்த எண்ணிக்கை 20. இரண்டு லாரி வைத்திருப்பவரிடமும், திருச்செங்கோட்டிலிருந்து மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலும் யாரிடம் போய் முறையிடுவது? மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை எத்தனை ஓட்டுநர்கள் அறிவார்கள்?

தென்னாப்பிரிக்காவில் 2002ஆம் ஆண்டு, அந்நாட்டு அரசே தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு இலவசமாக, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை தர முன்வந்தது. லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் குடும்பத்தை விட்டு வந்து சுரங்க விடுதிகளில் தங்கியவர்கள், சுரங்கத் தூசியாலும் காசநோயாலும் நுரையீரல் கெட்டு, எச்.ஐ.வி.யும் சேர்ந்து மடிந்துகொண்டிருந்தார்கள். இதை வெறும் கருணை என்று நான் சொல்ல மாட்டேன். பழகிய தொழிலாளியை இழப்பதைவிட மருந்து மலிவு என்பது கணக்கு எழுதும் எவருக்கும் புரியும்.

நம் நாட்டில் அந்த மருந்துச் செலவுகூட உரிமையாளருக்கு இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசே இலவசமாகத் தருகிறது. தாம்பரம் மருத்துவமனை அன்றே தொடங்கிய மையங்களுள் ஒன்று. தவறாமல் சாப்பிட்டு இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், தொற்றுள்ளவரால் மனைவிக்குக்கூட உடலுறவு வழியாகத் தொற்றாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்காரும் கிளீனருக்கு முதலிலிருந்தே ஆபத்தில்லை.

எனவே இந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையங்கள் வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் இயங்கவும், நீண்ட டிரிப் போகும் நிலையான நோயாளிகளுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் தரவும், குறைதீர்ப்பாளரின் முகவரியை லாரி ஸ்டாண்டுகளிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலும் தமிழில் எழுதி வைக்கவும் அரசு ஆவன செய்ய வேண்டும். தொற்றுக்காக லோடு மறுப்பதில்லை என்று லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் பொதுக்குழுவில் தீர்மானம் போடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
நாமக்கல்.