11 நாள் அந்த வண்டி ஏன் நின்றது: நம் பட்டறை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரத்திலிருந்து நம் பட்டறையைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். நான்கைந்து பேர் எனக்கே அனுப்பி, "என்ன இது?" என்று கேட்டீர்கள். "ஒரு பிளக் மாற்ற 11 நாளா? வண்டியைச் சும்மா மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள்" என்பதுதான் அதன் சாரம். பேசியவர் பல வருடமாக நம்மிடம் வருகிறவர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை நாள் வண்டியில்லாமல் அலைந்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் "சும்மா" என்ற சொல் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நம் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். அது இரட்டை சிலிண்டர் பைக், கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. இடது சிலிண்டர் அடிக்கவில்லை என்று வந்தது. சிலிண்டருக்குள் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, பெட்ரோலில் நனைந்து இருந்தது. புதுப் பிளக் போட்டதும் ஸ்டார்ட் ஆனது, இரண்டு சைலன்சரிலும் புகை சீராக வந்தது. சரி என்று மாலையே கொடுத்துவிட்டோம். ஆறிய இன்ஜினில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது தவறு. நனைந்த பிளக் என்பது அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை என்று மட்டும்தான் சொல்லும். ஏன் எரியவில்லை என்று சொல்லாது. இது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். நம் தலைமை மெக்கானிக் அண்ணன் இரண்டு மாதம் முன்பு விலகிவிட்டது உங்களுக்குத் தெரியும். வேலை முழுவதும் இளம் பையன்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நண்பரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

வண்டி மூன்றாம் நாள் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அந்த 11 நாள் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வந்தபோது இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, இடது சிலிண்டர் செத்துக் கிடந்தது. இரவு ஆறவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் இரண்டும் அருமையாக அடிக்கிறது! கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) இடது பக்கம் விட்டுவிட்டு அடிக்கிறது, பிறகு நின்றே போகிறது. ரேஸ் கொடுத்தால் மறுபடி பிடிக்கிறது. ஆறினால் நன்றாக ஓடி, சூடானால் சாகும் இந்த மாதிரி கோளாறுதான் பட்டறையில் அதிகப் பொறுமை கேட்பது. பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலுக்குள் இருக்கும் கம்பிச் சுற்று சூட்டில் விட்டுப்போனாலும் இப்படித்தான் ஆகும். சிலிண்டரைத் திறந்து மூடும் வால்வு இடைவெளி குறைந்து இறுகினாலும் இப்படித்தான் ஆகும். கேட்கிறவர் காதுக்கு இரண்டும் ஒன்றே.

எந்தச் சோதனை செய்தாலும் வண்டியைச் சூடாக்கி, கோளாறை வரவைத்து, அப்புறம்தான் பார்க்க முடியும். அடுத்த சோதனைக்கு மறுபடி முழுக்க ஆற வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. வண்டி மூலையில் நின்றது என்றால் ஆறிக்கொண்டு நின்றது.

முதல் வேலையாக இடது காயிலை வலதுக்கும் வலது காயிலை இடதுக்கும் மாற்றினோம். பிளக் கேப்பும் கூடவே மாறியது. காயில் கெட்டிருந்தால் கோளாறு வலது பக்கம் இடம் மாற வேண்டும். மாறவில்லை. புதுக் காயில் வாங்கிப் போட்டு, அந்தப் பணத்தையும் பில்லில் ஏற்றுவதைவிட இது ஒழுங்கான வழி என்பது என் எண்ணம். (சில வண்டிகளில் ஒரே காயில் இரண்டு பிளக்குக்கும் சேர்த்துப் பொறி கொடுக்கும். அவற்றில் இந்த வழி உதவாது. கேப், வயர், பிளக் என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.)

மறுநாள் கார்பரேட்டரைக் கழற்றினோம். ஐடிலிங்கில் மட்டும் ஒரு சிலிண்டர் சாகிறது என்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைச் சந்தேகப்படுவது நியாயம். அதன் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி ஒன்றிரண்டு மாதம் ஓடாமல் நின்று பெட்ரோல் பிசினாகக் காய்ந்தால் போதும், அடைந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், துளை சுத்தமாக இருந்தது. கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு இல்லை. மிதவை அளவும் சரி. மாட்டி ஓட்டினால் அதே கதை.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்துச் செல்ஃப் அடித்தோம். ஆறிய நிலையில் வலது 160 பி.எஸ்.ஐ, இடது 155. இதைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சூடாக்கிக் கோளாறு வந்த நிலையில் மறுபடி அளந்தோம். வலது அதே 160. இடது 90. கேஜைக் கையில் பிடித்திருந்த பையன் முள்ளை என்னிடம் திருப்பிக் காட்டினான், ஒன்றும் பேசவில்லை. ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலைப் பிளக் துளை வழியாக ஊற்றி மறுபடி பார்த்தோம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்துக் கம்ப்ரஷன் ஏறும். முள் அசையவில்லை. அப்படியென்றால் காற்று போகும் வழி வால்வு.

டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி) இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் அளக்க முடியும். ஆகவே இன்னொரு இரவு. காலையில் புகை வெளியேறும் இடது எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டேன். 0.15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடத்தில் 0.05 தகடு உள்ளே போகவில்லை. தலைமுடியைவிட மெல்லிய அந்தத் தகடு முனையில் முட்டி வளைந்தது. இன்ஜின் சூடாகும்போது வால்வின் தண்டு நீள்கிறது. நீள இடம் இல்லாததால் வால்வு முழுக்க மூடாமல் நூலளவு திறந்தே நிற்கிறது. ஐடிலிங்கில் கலவை கசிந்துபோக நேரம் இருக்கிறது, சிலிண்டர் சாகிறது. வேகத்தில் கசிய நேரம் இல்லை, பிடித்துக்கொள்கிறது. எல்லாம் பொருந்திவிட்டது.

"டேப்பட் பிரச்சினை என்றால் சத்தம் வருமே" என்று அந்த நண்பர் கேட்டார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறீர்கள். இடைவெளி கூடினால்தான் டக் டக் என்று சத்தம். குறைந்தால் இன்ஜின் முன்பைவிட அமைதியாகிவிடும். வால்வும் அது உட்காரும் இடமும் தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடும். யாருக்கும் ஒரு சத்தமும் கேட்காது. அப்படியே ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகிப்போகும். இவருக்கு அது நடக்கவில்லை.

இந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடுதான் ஷிம். இந்த வண்டியில் அது வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டுக்கு அடியில் இருக்கிறது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்றாமல் தொட முடியாது. இருந்த ஷிம்மின் தடிமன் 2.70 மில்லிமீட்டர். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாததால் கையிருப்பிலிருந்த 2.45 ஷிம்மை வைத்துக் கேம்ஷாஃப்டை மாட்டி அளந்தோம். 0.27 காட்டியது. 0.17 வேண்டும் என்றால் 2.55 ஷிம் தேவை. அது நம்மிடம் இல்லை. சொல்லி அனுப்பி வர மூன்று நாள் ஆனது. நடுவில் ஒரு ஞாயிறும் வந்துவிட்டது. ஒரு பொத்தான் அளவு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அது வந்ததும் மாட்டி, கேம் செயின் குறிகளை இரண்டு தடவை சரிபார்த்து, இரண்டு முறை முழுச் சூட்டுக்கு ஓட்டிப் பார்த்தோம். சூட்டிலும் 155 நின்றது. மறுநாள் கொடுத்தோம். அந்த 11 நாளும் இதுதான்.

பிளக்கின் விலையையும் முதல் தடவைக் கூலியையும் அவரிடம் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பதிவில் அது இல்லாததால். நான் செய்யத் தவறியது இன்னொன்று. ஒவ்வொரு நாளும் என்ன பார்த்தோம் என்று அவருக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தச் "சும்மா" வந்திருக்காது. இனிமேல் அன்றன்று மாலை செய்தி வரும், அதற்கு நான் பொறுப்பு.

உங்களுக்கு இப்படி ஆனால் சில விஷயம். எந்தச் சிலிண்டர் என்று சந்தேகமா? ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் இரண்டு பெண்ட் பைப்பிலும் (புகைக் குழாய்) ஹெட்டுக்குப் பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். அடிக்கிற பக்கம் சுர்ரென்று ஆவியாகும், அடிக்காத பக்கம் வழிந்து ஓடும். விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஓடும் இன்ஜினில் பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்ப்பதை எல்லாரும் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுக்கு ஷாக் அடிப்பது ஒரு பக்கம், போக இடம் இல்லாத அந்த மின்னழுத்தம் காயிலையும் இக்னிஷன் யூனிட்டையும் கெடுத்துவிடும்.

"ஒன்றில் ஓடுகிறதே, வீடு வரை போகட்டும்" என்று நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வரும். அப்படி வந்தால் ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும். சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் இருக்கும் வண்டிகளில் அந்தப் பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதையும் பாழாக்கும்.

ஆர்டி 350 பைக் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு டேப்பட்டைக் கேட்டு வர வேண்டாம், இரண்டு ஸ்ட்ரோக்கில் அது கிடையாது. அங்கே ஒரு பக்கம் மட்டும் சரியாக அடிக்கவில்லை என்றால் பிளக், பாயின்ட், கார்பரேட்டருக்குப் பிறகு கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் கசிவை அடைக்கும் கிராங்க் சீலைப் பாருங்கள். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை தள்ளும். மறுபக்கச் சீல் போனால் புகை இல்லாமல் காற்றை இழுக்கும். அது இன்னும் மோசம்.

வரும்போது மூன்று விவரம் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்: ஆறியிருக்கும்போதா சூட்டிலா, ஐடிலிங்கிலா ஓட்டத்திலா, மழையில் நனைந்த பிறகா அல்லது சர்வீஸுக்குப் பிறகா. முடிந்தால் முந்தின நாள் மாலையே விட்டுவிடுங்கள், காலையில் ஆறிய இன்ஜினோடு நாங்கள் தொடங்கலாம். அடுத்த மாதம் முதல் இந்த மாதிரிக் கோளாறு தேடும் வேலைக்குச் சோதனைக் கூலி தனியாக இருக்கும், வண்டி விடும்போதே தொகையைச் சொல்லிவிடுவோம்.

அண்ணன் போன பிறகும், இந்தப் பதிவு வந்த பிறகும், வண்டியை நம்மிடமே கொண்டுவந்து சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த வாரம் ஒருவர் காலையில் வந்து, "பொறுமையாகப் பாருங்கள், அவசரம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தே போனார். பையன்கள் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியிலும் இடது பக்கம்தான் சரியாக அடிக்கவில்லை. நேற்று இரவு ஆறவிட்டிருக்கிறோம், இன்று காலை டேப்பட் பார்க்கிறோம்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்