தூரத்தை வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் உலக நகரங்களுக்கு இடையிலான விமானத் தூரமும் பயண நேரமும் கொண்ட அட்டவணையைப் பார்த்தேன். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். இப்படி எதையாவது கண்டால் கை தானாகப் பென்சிலைத் தேடும். சரிபார்த்ததில், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் என்று வைத்து, ஒவ்வொரு தூரத்தையும் 900-ஆல் வகுத்து நேரம் போட்டிருப்பது தெரிந்தது. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் விமானங்கள் அப்படிப் பறப்பதில்லை.

லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். போகவும் வரவும் 6 மணி 10 நிமிடம் என்கிறது அட்டவணை. உண்மையில் லண்டனிலிருந்து போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பிவர 7 மணி நேரம். வகுப்பில் இதைச் சொன்னால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் கட்டாயம் எழுந்து நிற்பான்: "சார், பூமி கிழக்கு நோக்கித்தானே சுழல்கிறது? மேற்கே போகிற விமானம் அல்லவா சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்?" ஓடும் பஸ்ஸுக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவன் கைக்கே வருவதை நினைவுபடுத்துவேன். பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வித்தியாசத்துக்குக் காரணம், சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் ஜெட் காற்றோட்டம். 2020 பிப்ரவரியில் அது பலமாக வீசிய ஓர் இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைக்கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல்! ஒலியை முந்திவிட்டதோ என்று கேட்காதீர்கள். சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

விமான நிறுவனங்கள் அறிவிக்கும் நேரத்தில், நிலையத்தை விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, இறங்கிய பின் மறுபடி நிலையம் வந்து நிற்கும் நேரமும் அடங்கும். வகுத்தலில் அது எங்கே வரும்?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது ஹெல்சிங்கி–டோக்கியோ வரி. தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர், நேரம் 8 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. 2022 பிப்ரவரிக்கு முன்பு சைபீரியாவின் மேலாக ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போனார்கள். ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, பின்லாந்து விமானங்கள் வடதுருவம் வழியாகவோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிக்கொண்டு போகின்றன. சுமார் 13 மணி நேரம் ஆகிறது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தூரமும் மாறவில்லை. பாதைதான் மாறியது. அட்டவணையை நம்பி டோக்கியோவில் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுப்பவர் என்ன ஆவார்?

போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாக, விமான நிறுவனங்களின் கால அட்டவணையிலிருந்தே எடுத்துப் போடுங்கள். இறங்கும் தேதியையும் சேர்த்தால் நல்லது. டோக்கியோவில் இரவு ஏறுபவர், வழியில் சர்வதேச தேதிக்கோட்டைக் கடப்பதால், ஹொனலுலுவில் அதே தேதியின் காலையில் இறங்குவார். ஹெல்சிங்கி வரியை மட்டுமாவது உடனே திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்