செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் இளைஞர் குழு வடிகாலைத்தான் கையில் எடுத்தது. காவிரிக் கடைமடையில் காலநிலை மாற்றத்தின் அடி முதலில் விழுவது அங்கேதான். பல நாள் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டுகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்த வடிகாலில் அது ஓடாது. முகத்துவாரத்தில் கடல் ஏற்றமும் சேர்ந்தால் வயலிலேயே நின்று இளம் சம்பாவை அழுகவைக்கும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில், “காலநிலை மாற்றத்தைத் தடுக்க நடவடிக்கை வேண்டும்” என்று தீர்மானம் வைத்தோம். ஒருமனதாக நிறைவேறியது, ஆனால் யார், எங்கே, என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லாததால் குறிப்பேட்டிலேயே கிடக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு வேறு வழியில் போனோம். கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கின் புல எண்களை எடுத்து, புலப்பட (நில அளவை வரைபட) நகலோடு கரையில் நடந்து, அடைப்புகளைக் குறித்தோம். அடுத்து, எந்த வாய்க்கால் நீர்வளத் துறையுடையது, எது ஊராட்சியுடையது என்று பிரித்தோம். இதில் தவறினால் மனு மேசை மேசையாகச் சுற்றும், அதற்குள் பருவம் போய்விடும். தீர்மானத்தில் புல எண், அடைப்பின் நீளம், பொறுப்பான துறை, முடிக்க வேண்டிய நாள் நான்கையும் எழுதினோம்.

நம் ஊராட்சியின் மக்கள்தொகை 3,000-க்கு மேல் என்பதால் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, 200. வாக்காளர் பட்டியலில் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும் கணக்கில் சேராது. ஆகவே தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று வீட்டுப் பெரியவர்களை அழைத்துவந்தார்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து என்பதிலும் உறுதியாக நின்றார்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து விழுந்தால் பிறகு எதுவும் எழுதப்படலாம்.

தீர்மானத்தின் நிலையைக் கேட்டு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டோம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்தக் கெடுவைக் குறித்துவைக்கத் தனி நோட்டு உண்டு. 2025 ஜனவரி 5-உடன் ஊராட்சி மன்றப் பதவிக்காலம் முடிந்துவிட்டதால், புதிய மன்றம் வரும்வரை அதன் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலருக்கே எழுத வேண்டும்.

நம் பெரிய பிழை காலத்தில்தான். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அக்டோபர் 2-இல் தீர்மானம் போட்டு அதற்குள் தூர்வார முடியாது. மே 1 கூட்டமே சரி. அப்போது வாய்க்கால் காய்ந்திருக்கும், பொக்லைன் இறங்கும், மேட்டூர் அணை வழக்கப்படி திறக்கும் ஜூன் 12-க்கு முன் வேலை முடியும்.

நம் குழு இளைஞர்கள் மழைமானியைத் தினமும் காலை 8.30-க்குப் பார்த்துக் குறிக்கிறார்கள். சுவர் ஓரத்தில் வைத்திருந்ததால் அளவு குறைந்தது. சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி மாற்றியாயிற்று.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

17 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று நகல்களைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தர வேண்டுகிறேன்.

செயலாளர்